விஜயலட்சுமி ‘பிஹயலாக்ஸ்மி’ ஆவது எப்படி?

கேள்வி இது: “மாட்ரிட் நகரில் இருக்கும் சக ஊழியர்களோடு தினமும் இணையவழியில் பேச வேண்டியிருக்கிறது. என் பெயர் விஜயலட்சுமி. அவர்கள் எல்லோரும் ஒன்றுபோல என்னை ‘பிஹயலாக்ஸ்மி’ என்று அழைக்கிறார்கள். தங்கள் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும்போதுகூட ‘எஸ்பெயின்’ என்கிறார்கள். இது அலட்சியமா, இயலாமையா? திருத்தச் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?”

ஸ்பானிஷ் கற்றுக்கொடுப்பதும் அதிலிருந்து மொழிபெயர்ப்பதும் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் சக ஊழியர்களிடம் அலட்சியம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் உங்கள் பெயரைக் காதால் கேட்பதற்கு முன்பே திரையில் எழுத்தாகப் பார்த்துவிட்டார்கள், பார்த்ததைத் தங்கள் மொழியின் விதிப்படி ஒரு பிசகும் இல்லாமல் வாசிக்கிறார்கள். ‘பிஹயலாக்ஸ்மி’ என்பது, ஸ்பானிஷ் வாசிப்பு என்ற கணக்கில் பார்த்தால், நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெறும் விடை.

உங்கள் பெயரையே எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அதன் ஆங்கில எழுத்துக்கோவை ‘வி’ என்னும் எழுத்தில் தொடங்குகிறது. ஸ்பானிஷில் ‘பி’ என்ற எழுத்துக்கும் ‘வி’ என்ற எழுத்துக்கும் ஒலி ஒன்றுதான். சொல்லின் தொடக்கத்திலும் மூக்கொலிக்குப் பின்னும் உதடுகள் முழுதாக மூடித் திறக்கும், உயிரொலிகளுக்கு நடுவில் உதடுகள் நெருங்குமே தவிர ஒட்டாது. ஆகவே வலென்சியா என்று நாம் எழுதும் ஊர் அவர்கள் வாயில் பகரத்தில்தான் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் லகர ளகரங்களில் தடுமாறுவதைப் போல அங்குள்ள பிள்ளைகள் எந்தச் சொல்லுக்கு எந்த ‘ப’ என்று தடுமாறுவார்கள். தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஸ்பானியர் “பார்செலோனாவில் வரும் பே”, “வலென்சியாவில் வரும் ஊபே” என்று ஊர்ப்பெயரைத் துணைக்கு அழைப்பதும் அதனால்தான். லத்தீன் அமெரிக்காவிலோ கழுதைக்கு வரும் எழுத்து, பசுவுக்கு வரும் எழுத்து என்று சொல்லிப் பிரிப்பார்கள்.

அடுத்து ‘ஜே’. அதற்கு அங்கே ‘ஹோத்தா’ என்று பெயர். தொண்டைக்கு அருகில் காற்றை உரசி எழுப்பும், நம் ஹகரத்தைவிடக் கரடான ஓர் ஒலி. ‘ஒய்’ சிக்கலில்லாமல் யகரமாகிறது. ‘கே’, ‘எஸ்’, ‘ஹெச்’ என்று மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் கடைசி எழுத்துக்கு ஒலியே கிடையாது, ஏனென்றால் ஸ்பானிஷில் ‘ஹெச்’ எழுதப்படும், ஆனால் ‘சி’யோடு சேர்ந்து ‘ச்ச’ ஒலி தரும் இடத்தைத் தவிர, ஒலிக்கப்படாது. எனவே ‘க்ஷ்’ என்பது ‘க்ஸ்’ ஆகிறது. இறுதியாக அழுத்தம்: உயிரெழுத்திலோ, ‘என்’ அல்லது ‘எஸ்’ எழுத்திலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையும், மற்ற மெய்களில் முடியும் சொல்லில் கடைசி அசையும் அழுத்தம் பெறும், விதிவிலக்கு இருந்தால் எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு அதைக் காட்டிவிடும். உங்கள் பெயர் இகரத்தில் முடிவதால் அழுத்தம் ‘லக்’ மீது விழுகிறது, அழுத்தம் விழுந்த அசை சற்று நீண்டு ஒலிப்பதால் நம் காதுக்கு அது ‘லாக்’ என்று கேட்கிறது. இதே விதிப்படி இன்டர்நெட் என்ற சொல்லின் கடைசி அசையை அவர்கள் ஓங்கிச் சொல்வார்கள். நம் மொழியின் பெயரையும் ‘தமீல்’ என்று லகரத்துக்கு முன்னால் அழுத்தித்தான் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு எழுத்தின் மீது நம்பிக்கை கிடையாது, புதுச்சொல் ஒன்றைக் கண்டால் “இதை எப்படிச் சொல்வது?” என்று கேட்பது அவருக்கு இயல்பு. ஸ்பானிஷ் பேசுபவருக்கு அப்படியொரு கேள்வி எழவே வாய்ப்புக் குறைவு. ஐந்தே உயிரொலிகள், ஐந்து எழுத்துகள், எழுதியதைக் கண்டால் ஒலி தெரிந்துவிடும் எழுத்துமுறை. முன்பின் கேட்டிராத சொல்லையும் ஆறு வயதுப் பிள்ளை சரியாக வாசித்துவிடும். அத்தகைய எழுத்துமுறையில் வளர்ந்த கண், அயல்மொழிச் சொல்லைக் கண்டாலும் அதே நம்பிக்கையோடு வாசித்துவிடுகிறது. பற்பசை நிறுவனமான கோல்கேட்டின் பெயர் ஸ்பானிஷ் உலகம் முழுவதும் ‘கோல்காத்தே’ என்று மூன்று அசையாக ஒலிப்பது இந்த நம்பிக்கையின் விளைவு. (அர்ஜென்டினாவில் அதே எழுத்துகள் ‘தொங்கிக்கொள்’ என்னும் ஏவல்வினையாகவும் அமைந்துவிடுவதால் அது ஒரு நிரந்தரமான நகைச்சுவை.)

‘எஸ்பெயின்’ என்பது வேறு வகை. இங்கே கண் காரணமில்லை, வாய்தான் காரணம். ஸ்பானிஷில் எந்தச் சொல்லும் சகர ஒலியும் அதைத் தொடரும் மெய்யுமாகத் தொடங்காது. லத்தீனில் அப்படித் தொடங்கிய சொற்களுக்கெல்லாம் முன்னால் ஓர் உயிரொலியைச் சேர்த்தே ஸ்பானிஷ் பிறந்தது: பள்ளிக்கூடம் ‘எஸ்குவேலா’, எழுதுதல் ‘எஸ்கிரிபீர்’, வாள் ‘எஸ்பாதா’. (நாட்டின் பெயரான ‘எஸ்பாஞா’ மட்டும் லத்தீனிலேயே ‘ஹிஸ்பானியா’ என்று உயிரொலியோடு இருந்தது.) ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதால் புதிதாக வருபவையும் அதே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். மனஅழுத்தம் ‘எஸ்த்ரேஸ்’ ஆயிற்று, ஸ்கேனர் ‘எஸ்கானெர்’ ஆயிற்று, இத்தாலியரின் ஸ்பகெட்டி ‘எஸ்பகேத்தி’, சுவீடனின் தலைநகர் ‘எஸ்தோகோல்மோ’. இலங்கைக்கு அரசுமுறைப் பெயராகிய ‘ஸ்ரீ லங்கா’வை அப்படியே எழுதிக்கொண்டாலும், அந்நாட்டவரைக் குறிக்க ‘எஸ்ரிலங்கேஸ்’ என்றொரு சொல் வழங்குகிறது. சொல்லை மொழிக்குள் சேர்த்தவுடன் எகரம் தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. இராமனுக்கும் இலட்சுமணனுக்கும் முன்னால் இகரத்தையும், உலோகத்துக்கு முன்னால் உகரத்தையும், அரங்கனுக்கு முன்னால் அகரத்தையும் நிறுத்தியவர்கள் நாம். ‘இஸ்கூலுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லும் எந்தப் பாட்டியையும் ஸ்பானியர் ஒருவர் உடனே புரிந்துகொள்வார். இருவர் நாவும் ஒரே முடிச்சை ஒரே வகையில் அவிழ்த்திருக்கின்றன.

இன்னொரு பழைய பழக்கம் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தமானது. சொல்லின் தொடக்கத்தில் ஆங்கில ‘டபிள்யூ’ ஒலி வந்தால் ஸ்பானிஷ் வாய் அதற்கு முன்னால் ஒரு ககரத்தைச் சேர்த்து ‘குவ’ என்று ஆக்கிக்கொள்ளும். ஜெர்மானியக் கூட்டங்கள் ஐபீரியத் தீபகற்பத்துக்கு வந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. போர் என்னும் பொருள்கொண்ட ஜெர்மானியச் சொல் ‘கெர்ரா’ ஆயிற்று, வில்லெம் என்ற பெயர் ‘கிய்யெர்மோ’ ஆயிற்று. 8ஆம் நூற்றாண்டில் அரபியர் வந்தபோது அவர்கள் ஆற்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் சொன்ன ‘வாதி’ என்ற சொல்லும் அதே வழியில் போயிற்று: ‘வாதி அல்கபீர்’, அதாவது பேராறு, ‘குவாதல்கிவிர்’ என்று இன்றும் செவில்யா நகரின் ஊடாக ஓடுகிறது. அமெரிக்கக் கம்பெனிகளும் ஆங்கிலேயக் கம்பெனிகளும் லத்தீன் அமெரிக்காவில் காவலுக்கு வைத்த ‘வாட்ச்மேன்’ அங்கே ‘குவாச்சிமான்’ ஆனார். விஸ்கியை ‘குயிஸ்கி’ என்று எழுதலாம் என ஸ்பானிஷ் அரசுக் கழகம் அகராதியில் இடம் கொடுத்தது. ஒலி மக்களுடையதுதான் என்றாலும் அந்த எழுத்துக்கோவையைப் பார்த்து மக்கள் சிரித்தார்களே தவிர ஏற்கவில்லை, 2010இல் வந்த எழுத்திலக்கணம் வேறொரு வடிவத்தை முன்மொழிய வேண்டியதாயிற்று. இன்று கைபேசியில் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் ‘குவாசாப்’ என்று ஒலிக்கிறது. பேராற்றுக்குப் பெயரிட்ட அதே வாய்தான் இதற்கும் பெயரிட்டிருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லா ஸ்பானிஷ் பேச்சாளர்களுக்கும் ஏறக்குறையப் பொது. ஆனால் ‘ஸ்பானிஷ்காரர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் உங்கள் கேள்விக்கு முக்கியமான பகுதி நழுவிவிடும். ஸ்பானிஷ் இருபது நாடுகளில் அரசு மொழி. அயற்சொல்லை ஸ்பெயின் ஒரு வழியிலும் லத்தீன் அமெரிக்கா பெரும்பாலும் வேறொரு வழியிலும் எடுத்துக்கொள்கின்றன. ஸ்பெயினில் கண் முந்திக்கொள்கிறது, அமெரிக்கக் கண்டத்தில் காது முந்திக்கொள்கிறது. கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கான ‘ஐஸ்பெர்க்’ என்ற சொல்லை மெக்சிகோக்காரர் ‘ஐஸ்பெர்க்’ என்றே சொல்வார். மாட்ரிட்காரர் எழுத்தைப் பார்த்து ‘இதெபெர்க்’ என்பார், அந்தத் தகரத்தை நாக்கு நுனியைப் பற்களிடையே வைத்து ஊதிச் சொல்ல வேண்டும். வைஃபை மெக்சிகோவில் ‘குவைஃபை’, மாட்ரிட்டில் ‘குவிஃபி’. சிலந்தி மனிதனாகிய ஸ்பைடர்மேன் ஸ்பெயினில் ‘எஸ்பீதெர்மான்’. கடலுக்கு அப்பால் ‘எஸ்பைதெர்மான்’, அல்லது ‘ஓம்ப்ரே அராஞா’ என்று நேரடியாகச் சிலந்தி மனிதனே.

அமெரிக்கக் கண்டத்தில் காது முந்தியதற்குக் காரணம் அண்டைவீடு. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் பேஸ்பால் ஆட்டம் புத்தகம் வழியாக வரவில்லை, அமெரிக்கரோடு சேர்ந்து ஆடியவர்களின் வாய்வழியாக வந்தது. அதனால்தான் அங்குள்ள ஆட்டக் கலைச்சொற்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதியவை: ‘ஹோம் ரன்’ என்பது ‘ஹோன்ரோன்’, நடுவர் ‘அம்பாயெர்’, அடி ‘ஹித்’. புவெனஸ் அயர்ஸ் நகரில் ஆங்கிலேய இரயில்வேக்காரர்களிடமிருந்து கால்பந்து கற்றவர்கள் ‘ஆஃப்சைட்’ என்பதை ‘ஓர்சாய்’ என்று பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தை வைத்து யாரும் ‘ஓர்சாய்’க்குப் போய்ச் சேர முடியாது, மைதானத்தில் கத்தியதைக் காதில் வாங்கியவர்களால்தான் முடியும்.

ஸ்பெயினுக்கு அப்படிப்பட்ட அண்டைவீடு இல்லை. பள்ளிகளில் நெடுங்காலம் பிரெஞ்சுதான் முதல் அயல்மொழியாக இருந்தது. அதற்கு மேல் 1941இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அயல்நாட்டுப் படங்களுக்கு ஸ்பானிஷ் குரல்மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் சில ஆண்டுகளில் விலகினாலும் பழக்கம் விலகவில்லை, ஹாலிவுட் நடிகர்கள் எல்லோரும் மாட்ரிட், பார்செலோனா ஒலிப்பதிவுக் கூடங்களின் குரல்களில்தான் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறார்கள். அதே 1941இல் கால்பந்துக் கழகங்களின் அயல்மொழிப் பெயர்களும் மாற்றப்பட்டன. பில்பாவோவின் ‘அத்லெட்டிக்’ கழகம் ‘அத்லெத்திகோ’ என்று பெயர் மாறி, 1972இல்தான் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. ஆங்கில ஒலி காதில் விழாத நாட்டில் ஆங்கில எழுத்து மட்டும் கடைப்பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் வந்துகொண்டிருந்தது என்றால், மக்கள் எழுத்தைத்தானே வாசிப்பார்கள்?

இதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு ஸ்பெயினில் ஒரு கதை வழங்கிவருகிறது. சலமங்கா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மிகுவெல் தே உனாமுனோ ஒரு சொற்பொழிவில் ஷேக்ஸ்பியரின் பெயரை ஸ்பானிஷ் எழுத்துமுறைப்படி ‘சாகெஸ்பெயாரே’ என்று வாசித்தாராம். அரங்கில் சிரிப்பும் முணுமுணுப்பும் எழ, அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மீதிச் சொற்பொழிவு முழுவதையும் ஆங்கிலத்திலேயே நிகழ்த்தி முடித்தாராம். நடந்ததோ, பிறர் அவர்மேல் ஏற்றிச் சொன்னதோ, ஸ்பானியர் இதை விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிஷ் வாக்கியத்துக்குள் வரும் பெயரை ஸ்பானிஷாகச் சொல்வது அவர்கள் பார்வையில் குறையே அல்ல. மாறாக, ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சொல்லை மட்டும் நாக்கைச் சுழற்றி அசல் ஆங்கில ஒலியில் சொன்னால், “இவர் என்ன காட்டிக்கொள்கிறார்?” என்ற பார்வை வரும். நம் ஊரில் தமிழ்ப் பேச்சின் நடுவே ‘வாட்டர்’ என்பதை அமெரிக்கராகச் சொல்பவருக்குக் கிடைக்கும் அதே பார்வை.

விந்தை என்னவென்றால், ஆங்கிலத்திலேயே பேசும்போது ஸ்பானிஷ் ஒலி கலந்தால் அதற்கும் அவர்களே சிரிக்கிறார்கள். 2020 ஒலிம்பிக் போட்டிகளை மாட்ரிட்டுக்குக் கேட்டு 2013 செப்டம்பரில் புவெனஸ் அயர்ஸ் நகரில் பேசிய அன்றைய மேயர் ஆனா போத்தேயா, நகரின் பிளாசா மயோர் சதுக்கத்தில் அமர்ந்து ‘ரிலாக்ஸிங் கப் ஆஃப் கஃபே கோன் லேச்சே’ (பால் காபி) அருந்துவதைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். போட்டி டோக்கியோவுக்குப் போயிற்று; அந்தச் சொற்றொடர் ஸ்பெயினில் சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சாயிற்று. உங்கள் சக ஊழியர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது காட்டும் கூச்சத்துக்குப் பின்னால் இப்படியொரு கேலிப் பண்பாடு இருக்கிறது. அவர்களுடைய ‘எஸ்பெயினை’த் திருத்தவேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்பெயர்களுக்கு வருவோம், ஏனெனில் உங்கள் கேள்வியின் மையம் அதுதான். அரசர்களையும் போப்பாண்டவர்களையும் ஸ்பானிஷ் இன்றும் மொழிபெயர்த்தே அழைக்கிறது: எலிசபெத் அரசி அவர்களுக்கு ‘இசபெல்’, அவர் மகன் சார்லஸ் ‘கார்லோஸ்’. ஒரு காலத்தில் இந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிட்ட பிரான்சிஸ் டிரேக் அவர்கள் வாயில் ‘எல் திராக்கே’ ஆனான். அவன் உறவினனான ஜான் ஹாக்கின்ஸ், ஹகரத்தை இழந்து ‘ஹுவான் அக்கினெஸ்’ ஆனான். இன்று சாதாரண மனிதரின் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, உச்சரிப்பில்தான் மாற்றம் நடக்கிறது.

லத்தீன் அமெரிக்காவில் இதுவே தனி விளையாட்டாகிவிட்டது. ஆங்கிலப் பெயரைக் காதால் கேட்டுப் பிடித்த பெற்றோர், அதை ஸ்பானிஷ் எழுத்துமுறையில் பதிவு செய்தார்கள். பிரையன் அங்கே ‘பிராயன்’ என்று எழுதப்பட்டார், மைக்கேல் ‘மைகோல்’ ஆனார், ஜேசன் ‘யெய்சோன்’ ஆனார். படித்த மேல்தட்டினர் இப்பெயர்களை ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை, ஒலியைச் சரியாகக் கேட்டு அதைத் தம் எழுத்தில் சரியாக எழுதியவர்கள் அவர்கள்தான். கொலம்பியாவில் ஜான் என்ற பெயரை ‘ஜே’ எழுத்துக்கு அடுத்தே ‘ஹெச்’ போட்டு எழுதும் வழக்கமும் உண்டு. அப்படி எழுதினால் யாரும் அதை ‘ஹோன்’ என்று வாசிப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டும் கொலம்பியாவிலிருந்தே கிடைக்கிறது. 2014 உலகக்கோப்பையில் ஆறு கோல் அடித்து முதலிடம் பெற்ற ஆட்டக்காரரின் பெயர் எழுத்தில் ‘ஜேம்ஸ்’ ரோத்ரீகெஸ். ஆனால் அவர் ‘ஹாமெஸ்’. ஆங்கிலப் பெயரை எழுத்து மாறாமல் எடுத்து, ஸ்பானிஷாக வாசித்த பெயர் அது. அந்த மாதத்தில் ஆங்கில வர்ணனையாளர்கள் தங்கள் சொந்த மொழிப்பெயரை ‘ஹாமெஸ்’ என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே எழுத்து. ஆனால் ஒரு குடும்பம் காதை நம்பியது, இன்னொரு குடும்பம் கண்ணை நம்பியது.

இந்த ‘ஜே’ எழுத்து தமிழர்களுக்கும் ஒரு பழைய கதையைச் சொல்லும். 16ஆம் நூற்றாண்டு வரை ஸ்பானிஷில் ‘ஷ’ ஒலி இருந்தது, அதை ‘எக்ஸ்’ எழுத்தால் எழுதினார்கள். ‘நவாத்தில்’ என்னும் மெக்சிகோப் பழங்குடி மொழியைப் பேசியவர்கள் தங்கள் நகரத்தை ‘மெஷிகோ’ என்றபோது ஸ்பானியர் அதை ‘எக்ஸ்’ இட்டு எழுதியது அந்த ஒலிக்காகத்தான். பிறகு அந்த ‘ஷ’ மெல்ல மெல்லத் தொண்டைக்குப் பின்வாங்கி இன்றைய ‘ஹோத்தா’ ஆகிவிட்டது. ஹெரெஸ் என்ற ஊரின் மதுவை ஆங்கிலேயர் இன்னும் ‘ஷெர்ரி’ என்பது, அவர்கள் அந்தச் சொல்லைப் பழைய ஒலி உயிரோடிருந்தபோது வாங்கியதால். நவார்ரா நாட்டில் 1506இல் பிறந்து, 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரின் பெயரும் அப்படிப்பட்டதே. ‘புதுவீடு’ என்னும் பொருள்கொண்ட பாஸ்கு மொழிச் சொல்லிலிருந்து வந்த ஊர்ப்பெயர் அது. ஸ்பானிஷில் இன்று அது ‘ஹாபியேர்’. போர்ச்சுகீசியர் ‘ஷாவியேர்’ என்று சொன்னதைக் கேட்டுக் கடற்கரைத் தமிழர் ‘சவேரியார்’ என்றார்கள். மாட்ரிட்டில் இருக்கும் ஹாபியேரைவிடத் தூத்துக்குடியில் இருக்கும் சவேரியார் பழைய ஒலிக்கு அருகில் இருக்கிறார். உங்கள் கூட்டத்தில் ஒரு ஹாபியேர் இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னால் மகிழ்வார்.

உண்மையான இயலாமை எங்கே என்றால், அது சில இடங்களில் இருக்கிறது. சொல்லின் இறுதியில் ஸ்பானிஷ் வெகு சில மெய்களையே தாங்கும். தயிருக்கான ‘யோகுர்த்’ கடைசி மெய்யை உதறி ‘யோகுர்’ ஆயிற்று, பிரெஞ்சு ரொட்டியான குருவாசான் தன் இறுதித் தகரத்தைப் பிரெஞ்சிலேயே இழந்து வந்ததால் தப்பித்தது. இறுதி மகரம் னகரமாகத் தேய்ந்துவிடும்: ஆதாம் அவர்களுக்கு ‘அதான்’, ஜெருசலேம் ‘ஹெருசலேன்’. ஆகவே சண்முகம் என்ற நண்பர் அங்கே போனால் ‘சன்முகன்’ ஆக நேரிடும். ‘ஷ’ பல வட்டாரங்களில் இல்லை; ஷாம்பு ‘சாம்பூ’ என்று அழுத்தமான சகரத்தோடு உள்ளே வந்தது. புவெனஸ் அயர்ஸ்காரர்களுக்கு மட்டும் இதில் தொல்லையில்லை, அவர்கள் யகரத்தையே ‘ஷ’ என்றுதான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை குறில் நெடில். ஐந்து உயிர்களும் உண்டு, ஆனால் நீளத்தால் பொருள் மாறுவதில்லை. கப்பலையும் (‘ஷிப்’) செம்மறியாட்டையும் (‘ஷீப்’) ஆங்கிலத்தில் ஒன்றாகச் சொல்லும் அதே வாய், தமிழ் கற்கும்போது கல்லையும் காலையும், படத்தையும் பாடத்தையும் ஒன்றாக்கிவிடும். என் மாணவர் ஒருவர் மூன்று மாதம் ‘பாட்டு’க்கும் ‘பட்டு’க்கும் இடையில் கிடந்து தவித்தார்.

ஆனால் வேறு பல ஒலிகளில் அவர்கள் ஆங்கிலேயரைவிட நமக்கு நெருக்கமானவர்கள். அவர்களுடைய ‘டி’ எழுத்து பல்லில் நாக்கு படும் நம் தகரம்தான். எஸ்பாஞாவில் வருவது நம் ஞகரம். ரகரமும் றகரமும் பொருள் மாற்றும் இரு வேறு ஒலிகள். ‘பேரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பேறோ’ என்று நாக்கை உருட்டிச் சொன்னால் நாய். மெய்யெழுத்து உயிர்களுக்கு நடுவில் மென்மையாவதும் நம்மைப் போலவே. ஸ்பெயினில் ஒரு சுகாதார நிலையத்தில் நண்பர் ஒருவருடன் காத்திருந்தபோது இதை நேரில் கண்டேன். செவிலியர் கதவைத் திறந்து, தாளைப் பார்த்து, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, “ஹெயச்சந்திரன்?” என்றார். ஜெயச்சந்திரன் எழுந்து போனார். முதலெழுத்தைத் தவிர, அந்த ‘ச்ச’வும் ‘ந்தி’யும் நம் ஊர்ப் பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதைப்போல அவ்வளவு தெளிவாக இருந்தன. இலண்டனில் அதே பெயரை யாரும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை என்று அவர் திரும்பி வந்து சொன்னார்.

ஆகவே திருத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், தாராளமாகத் திருத்தலாம் என்பதே. அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வழி முக்கியம். எழுத்தைக் காட்டித் திருத்தினால் பயனில்லை, ஏனென்றால் சிக்கலே எழுத்தில்தான் இருக்கிறது. வாயால் சொல்லுங்கள், இரண்டு முறை சொல்லுங்கள். ஜகரத்துக்கு அவர்களிடம் இருக்கும் மிக நெருங்கிய ஒலி, சொல்லை ஓங்கித் தொடங்கும்போது வரும் யகரம். சொல்லின் நடுவில் அது இன்னும் மென்மையாகும் என்பதால் ‘பியயா’ என்ற அளவுக்கு வந்து நிற்பார்கள், அதுவே ‘பிஹயா’வைவிட நம் விஜயாவுக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது. ‘விஜி’ என்று சுருக்கி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அது ‘பிஹி’ ஆகிவிடும்.

கடவுச்சீட்டிலும் அலுவலகப் பதிவிலும் பெயரின் எழுத்துக்கோவையில் கை வைக்கவேண்டாம், அது வேறு தலைவலிகளைக் கொண்டுவரும். கூட்டத்தில் திரையில் தெரியும் பெயரை மட்டும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். லட்சுமி என்பதில் வரும் ‘க்ஷ’ என்ற எழுத்துக்கூட்டத்தை நீக்கிவிட்டு, நடுவில் ‘சி’, ‘ஹெச்’ என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் வைத்து, அதன்பின் ‘யூ’, ‘எம்’, ‘ஐ’ என்று எழுதிப் பாருங்கள். ஸ்பானிஷ் விதிப்படி அதை வாசிக்க ஒரே வழிதான் உண்டு. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாட்ரிட்டிலிருந்து உங்களை ‘லச்சூமி’ என்று கூப்பிடுவார்கள், ஊரில் உங்கள் பாட்டி கூப்பிட்டிருக்கக்கூடியதைப் போலவே.